மூன்று நிறத்துக்குக் குறையாமல்

எங்கள் காலத்தில் வகுப்பு நோட்டின் ஓரத்தில் ஒரு ரோஜாப்பூ வரைந்தாலே போதும், டியூட்டர் அந்த நோட்டை வகுப்பு முழுக்கத் தூக்கிக் காட்டுவார். “படம் போட வந்தியா, நர்ஸாக வந்தியா?” என்று ஒரு கேள்வி வரும். அதற்குப் பதில் சொன்னாலும் குற்றம், சொல்லாவிட்டாலும் குற்றம். இப்போது அதே படிப்பில் படம் போடாவிட்டால் இன்டர்னல் மார்க் குறைகிறது. கத்தரி, தெர்மாமீட்டர், நீலப் பேனா, சிவப்புப் பேனா என்றிருந்த மாணவியின் சொத்துப் பட்டியலில் ஸ்கெட்ச் பேனா டப்பாவும் சேர்ந்துவிட்டது. எதற்கு என்று கேட்டால், “மைண்ட் மேப் மேடம்” என்கிறார்கள், அது கூடத் தெரியாதா என்ற முகத்தோடு.

நான் சேர்ந்தது 1980களின் பிற்பகுதியில், தென் மாவட்டம் ஒன்றில், அரசு ஆஸ்பத்திரியை ஒட்டியிருந்த நர்சிங் பள்ளியில். அதுவரை எல்லாப் பாடத்தையும் தமிழில் படித்துவிட்டு வந்த கூட்டம் நாங்கள். இதயம் என்று ஒரே சொல்லில் தெரிந்துவைத்திருந்த உறுப்புக்கு நான்கு அறை, நான்கு வால்வு, ஒவ்வொன்றுக்கும் வாயில் நுழையாத ஒரு பெயர். சீனியர் அக்காவிடம் பாதி விலைக்கு வாங்கிய ராஸ் அண்ட் வில்சன் புத்தகத்துக்குப் பிரவுன் அட்டை போட்டு, ஆயுத பூஜை அன்று பொட்டும் வைத்தோம். படிப்பது என்றால் உருப்போடுவது. விடுதி மொட்டை மாடியில் காயும் துணிகளுக்கு நடுவே ஆளுக்கொரு மூலையாக நடந்துகொண்டு எலும்புகளின் பெயரைச் சொல்லிக்கொண்டிருப்போம். மூளை நரம்புகள் 12 ஜோடி. அவற்றின் முதலெழுத்தை நினைவில் வைக்க ஆங்கிலத்தில் ஒரு கோமாளி வாக்கியம் உண்டு. அது எங்களுக்கு ஒட்டவில்லை என்று தமிழில் நாங்களே ஒன்று கட்டினோம். நரம்புகள் இன்றுவரை மறக்கவில்லை. வாக்கியத்தைப் பத்திரிகையில் அச்சிட முடியாது.

எல்லாம் பட்டியல். காரணங்கள், அறிகுறிகள், பரிசோதனைகள், மருந்துகள், பின்விளைவுகள். இதயச் செயலிழப்புக்கு எத்தனை காரணம் என்று கேட்டால் மூச்சுவிடாமல் சொல்வோம். எதிரே கட்டிலில் மூச்சுவாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் தாத்தாவுக்கு அதில் எந்தக் காரணம் என்று கேட்டால் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வோம். தாத்தா மெடிக்கல் வார்டில் இருந்தார். அவர் சாப்பிடும் மாத்திரை டிரக் நோட்டில் இருந்தது. அவர் ரத்தத்தின் உப்புக்கள் பயோகெமிஸ்ட்ரியில். அவருடைய சாப்பாடு நியூட்ரிஷனில். ஒரே மனிதரை இத்தனை நோட்டில் பிரித்துவைத்திருந்தோம். அவை ஒன்றையொன்று சந்திக்கும் வாய்ப்பு பரீட்சைக்கு முந்தின இரவு மட்டும்தான், அதுவும் மேசைமேல் அடுக்கிவைத்ததால்.

கேர் பிளான் வந்தபோது நிலைமை தேறும் என்று நினைத்தோம். பக்கத்தைக் குறுக்கே திருப்பி, ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, மதிப்பீடு, நோயறிதல், திட்டம், செயல், பலன் என்று பத்தி பிரிக்க வேண்டும். ‘இன்எஃபெக்டிவ் ஏர்வே கிளியரன்ஸ் ரிலேட்டட் டு’ என்று தொடங்கும் மந்திரம் ஒன்று இருந்தது. சளி கட்டிய எந்த நோயாளிக்கும் அது பொருந்தும். கடைசிப் பத்தியில் பலன் எழுத வேண்டும். எல்லார் நோட்டிலும் நோயாளி நன்றாக மூச்சுவிடுவார். ரஃப் ரெக்கார்டு, ஃபேர் ரெக்கார்டு என்று இரண்டு எழுத வேண்டியிருந்ததால், இரண்டாவது முறையும் நன்றாக மூச்சுவிடுவார். இதற்குள் அவர் செத்துப்போனதும் உண்டு.

ஆனால் அந்தக் காலத்தை முழுக்கத் திட்டவும் மனம் வரவில்லை. எங்களுக்கு வாய்த்த டியூட்டர் ஒருவர் மாடிப்படியில் எதிர்ப்பட்டால் வணக்கத்துக்குப் பதிலாகக் கேள்விதான் கேட்பார்.

“பொட்டாசியம்?”

“3.5லிருந்து 5 சிஸ்டர்.”

“டிஜாக்சின் குடுக்கிறதுக்கு முன்னாடி?”

“பல்ஸ், சிஸ்டர். ஒரு நிமிஷம் முழுக்க. 60க்குக் கீழே இருந்தா குடுக்கக் கூடாது.”

“போ.”

அந்த ‘போ’வுக்காக வேறு படிக்கட்டு வழியாகச் சுற்றிப் போனவர்கள் உண்டு. கையில் புத்தகம் இருக்காது, நோட்டு இருக்காது, தப்பிக்க வழி இருக்காது. மண்டையில் இருப்பதை அப்படியே எடுத்து நீட்ட வேண்டும். இதைச் சித்திரவதை என்றுதான் அப்போது நினைத்தோம். வெகுநாள் கழித்து விஞ்ஞானம் வேறு மாதிரிச் சொன்னது. அதைப் பிறகு சொல்கிறேன்.

நான் பார்த்த முதல் மைண்ட் மேப்புக்கு அந்தப் பெயர் கிடையாது. மெடிக்கல் வார்டில் ஒரு தாத்தா, இதயச் செயலிழப்பு. கால் வீக்கம் வற்ற லேசிக்ஸ், கூடவே டிஜாக்சின். வீக்கம் வற்றியது. ஒருநாள் காலையில் சோறு வேண்டாம் என்றார், குமட்டுகிறது என்றார், “சுவரெல்லாம் மஞ்சளாத் தெரியுது தாயி” என்றார். நான் மஞ்சள் காமாலைப் பட்டியலை மனதுக்குள் ஓட்ட ஆரம்பித்தேன். வார்டு சிஸ்டர் பழைய டெம்பரேச்சர் சார்ட் ஒன்றைத் திருப்பிப்போட்டு, நடுவில் ஒரு வட்டம் போட்டு ‘தாத்தா’ என்று எழுதினார். அதிலிருந்து ஒரு கோடு, லேசிக்ஸ். அதிலிருந்து சிறுநீர். சிறுநீரோடு போகிற பொட்டாசியம். பொட்டாசியம் குறைந்தால் டிஜாக்சின் விஷமாகத் திரும்பும் என்று அங்கிருந்து ஒரு கோடு. அதன் முனையில் குமட்டல், மஞ்சள் பார்வை, குறையும் பல்ஸ். கடைசியில் எல்லாக் கோடும் வட்டத்துக்கே திரும்பி வந்தது. “இந்தக் கோட்டையெல்லாம் பார்த்தியா? இப்ப போயி பல்ஸைப் புடி, நான் டாக்டரைக் கூப்பிடுறேன்.”

மூன்று நோட்டுகள் ஒரு டெம்பரேச்சர் சார்ட்டின் முதுகில் சந்தித்த நாள் அது. ஆசையோடு அந்தப் படத்தை அப்படியே என் ரெக்கார்டில் போட்டேன். சிவப்புப் பேனாவில் குறுக்கே ஒரு கோடு விழுந்தது. ‘தேவையற்றது. அட்டவணையில் எழுதவும்.’

அதே காலத்தில் கடல் கடந்த நாடுகளில் இந்த மாதிரிக் கோடுகளுக்குப் பெயரும் புகழும் வந்துவிட்டிருந்தது எங்களுக்குத் தெரியாது. இங்கிலாந்தில் டோனி புசான் என்பவர் 1974இல் பிபிசி தொலைக்காட்சியில் ‘யூஸ் யுவர் ஹெட்’ என்று ஒரு தொடரே நடத்தி மைண்ட் மேப்பை ஊருக்குச் சொன்னார். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஜோசஃப் நோவாக் அதே 1970களில் ‘கான்செப்ட் மேப்’ என்று இன்னொன்றை உருவாக்கினார். அதில் இரண்டு சொற்களை இணைக்கும் கோட்டின்மேல், அந்த இணைப்பு என்ன என்பதையும் எழுத வேண்டும். எங்கள் வார்டு சிஸ்டர் போட்டது இரண்டாவது வகைக்குக் கிட்டத்தில் வரும். அவர் யாரிடமும் காப்புரிமை கேட்கவில்லை.

இன்னும் வேடிக்கை, எங்கள் தொழிலின் மூல அம்மனே படம் போட்டவர். விளக்கேற்று விழாவில் கையில் மெழுகுவர்த்தியோடு ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல் பெயரால் உறுதிமொழி எடுத்தோம். அந்த உறுதிமொழியை அவர் எழுதவில்லை, 1893இல் டெட்ராய்ட்டில் எழுதினார்கள். அவர் உண்மையிலேயே செய்தது வேறு. கிரைமியப் போரில் செத்த சிப்பாய்களின் கணக்கை 1858இல் வட்டமாக, விசிறி விசிறியாக வரைந்து வெளியிட்டார். காயத்தால் செத்தவர்களுக்குச் சிவப்பு, மற்றக் காரணங்களுக்குக் கறுப்பு, தடுத்திருக்கக் கூடிய தொற்றுநோயால் செத்தவர்களுக்கு நீலம். நீலம் பக்கத்தை அடைத்துக்கொண்டு நின்றது. பட்டியலாகப் போட்டால் படிக்கச் சோம்பும் மேலிடத்துக்குப் படம் போட்டுக் காட்டினார். அவருடைய விளக்கை எங்களுக்குக் கொடுத்தார்கள். வண்ணப் பென்சிலை மட்டும் மறைத்துவிட்டார்கள்.

இப்போதைய கதைக்கு வருவோம். பணி ஓய்வுக்குப் பிறகு தனியார் கல்லூரி ஒன்றுக்கு அவ்வப்போது வகுப்பெடுக்கப் போகிறேன். 2021இல் பாடத்திட்டம் மாறி, நாலு வருஷ பி.எஸ்ஸி. நர்சிங் எட்டு செமஸ்டராகிவிட்டது. சுவரில் ஸ்மார்ட் போர்டு. விடுதி மொட்டை மாடியில் பாடம் சொல்லும் சத்தம் கேட்பதில்லை, ரீல்ஸ் எடுக்கிறார்கள். எல்லாப் பாடத்துக்கும் மைண்ட் மேப் உண்டு, சர்க்கரை நோய், பிரசவத்துக்குப் பிந்தைய ரத்தப்போக்கு, கை கழுவும் முறை உட்பட. கை கழுவுவதற்கு எதற்கு வரைபடம் என்று கேட்டேன். “அசெஸ்மென்ட் மேடம்” என்றார்கள்.

மனதைக் கட்டவிழ்த்துவிடத்தான் மைண்ட் மேப் என்று புசான் சொன்னார். கட்டவிழ்ப்பதற்கு அவர் போட்ட கட்டளைகளைக் கேளுங்கள். தாளைக் குறுக்குவாட்டில் வைக்க வேண்டும். நடுவில் சொல் கூடாது, படம் வேண்டும். நிறம் மூன்றுக்குக் குறையக் கூடாது. கிளை நேராக இருக்கக் கூடாது, வளைய வேண்டும். ஒரு கோட்டுக்கு ஒரே சொல். கோட்டின் நீளம் சொல்லின் நீளத்துக்குச் சரியாக இருக்க வேண்டும். எங்கள் கேர் பிளானுக்குக்கூட இத்தனை விதி இல்லை. கல்லூரி இதை வாங்கி, ஒவ்வொரு விதிக்கும் தனித்தனியாக மார்க் போட்டுப் பூட்டிவிட்டது. நிறத்துக்கென்று தனி மார்க் உண்டு. நோயாளிக்கென்று தனி மார்க் இல்லை.

மாணவிகள் கெட்டிக்காரிகள். விதி எப்படியோ அதற்கேற்ற குறுக்குவழியும் அப்படி. செல்போனில் நோயின் பெயரை அடித்தால் கிளை, இலை, வண்ணம் எல்லாவற்றோடும் ஒரு மேப் வந்து நிற்கிறது. ஒருத்தி அதை வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் போடுகிறாள். இரவு விடுதியில் எல்லாரும் சார்ட் பேப்பரை விரித்து அதைப் பார்த்து வரைகிறார்கள். மறுநாள் வகுப்பு முழுக்க ஒரே எழுத்துப்பிழையோடு அழகழகான இதயங்கள். நாங்கள் சீனியரின் கேர் பிளானைப் பார்த்து எழுதினோம், இவர்கள் யாரென்று தெரியாத ஒருவரின் மேப்பைப் பார்த்து வரைகிறார்கள். முன்னேற்றம் இல்லை என்று சொல்ல முடியாது. எங்களுடையது கறுப்பு வெள்ளை.

இதைப் பற்றி மாணவிகள் என்ன நினைக்கிறார்கள் என்று கேட்காத கல்லூரி இல்லை. எம்.எஸ்ஸி. நர்சிங் படிக்கும் ஒவ்வொருவரும் ஆய்வேடு ஒன்று கொடுத்தாக வேண்டும். வேறு தலைப்பு கிடைக்காதவர்களுக்கு மைண்ட் மேப் கைகொடுக்கிறது. ஆய்வு நடக்கும் விதம் இது. இன்னும் நடத்தாத பாடத்தில் முதலில் ஒரு பரீட்சை, பிறகு மைண்ட் மேப் வைத்து அந்தப் பாடம், அதன் பிறகு அதே கேள்விகளோடு மறுபடி பரீட்சை. மார்க் கூடியிருக்கும். கூடாமல் எங்கே போகும்? கரும்பலகையில் எழுதிப்போட்டு நடத்தியிருந்தாலும் கூடியிருக்கும். ஒப்பிட்டுப் பார்க்க வேறு முறையில் படித்த ஒரு குழு பல ஆய்வுகளில் இருப்பதில்லை. பிறகு கருத்துப் படிவம். ‘மைண்ட் மேப் எனக்குப் பாடத்தை எளிதாகப் புரியவைக்கிறது’ என்று ஒரு வாக்கியம். எதிரே ஐந்து கட்டம், ‘முழுமையாக உடன்படுகிறேன்’ முதல் ‘சற்றும் உடன்படவில்லை’ வரை. படிவத்தின் தலையில் பெயர், பதிவு எண், செமஸ்டர். வாங்கிக்கொண்டு போகிறவர் இன்டர்னல் மார்க் போடும் மேடத்தின் மாணவி. டிக் எல்லாம் இடது ஓரத்துக் கட்டத்தில் வரிசையாக, ஊசி குத்திய தழும்பு மாதிரி விழுந்திருக்கும். மாணவிகள் இம்முறையைப் பெரிதும் வரவேற்கிறார்கள் என்று ஆய்வேடு முடியும்.

நான் ஓய்வுபெற்றவள், யாருக்கும் மார்க் போடாதவள் என்பதால் என்னிடம் வேறு கருத்து வரும். கல்லூரிப் பேருந்தின் பின் இருக்கையில் வருவதுதான் உண்மையான ஆய்வு முடிவு. “சார்ட்டுக்கும் ஸ்கெட்ச்சுக்குமே கையில இருக்குற காசு போயிடுது மேடம்.” “குரூப்பா வரையச் சொன்னா ஒருத்திதான் வரைவா, மத்தவங்க பேரு எழுதுவோம்.” “ஃபார்மகாலஜிக்கு நல்லாத்தான் இருக்கு, எந்த மருந்து எங்க வேலை செய்யுதுன்னு கண்ணுக்குத் தெரியுது. மேனேஜ்மென்ட் பாடத்துக்கு என்னத்த வரையிறது?” “எனக்குப் படம் வராது மேடம், நான் வரைஞ்ச கிட்னி முந்திரிப்பருப்பு மாதிரி இருக்குன்னு சிரிச்சாங்க.” ஒரு பையன் மட்டும் நிதானமாகச் சொன்னான். “யூனிவர்சிட்டி பரீட்சையில எஸ்ஸேதான் கேக்குறாங்க. அங்க போயி கிளை வரைஞ்சு வெச்சா மார்க் போடுவாங்களா? அதனால மேப் ஒரு தடவை, எஸ்ஸே ஒரு தடவைன்னு ரெண்டு தடவை படிக்க வேண்டியிருக்கு.” ரஃப் ரெக்கார்டும் ஃபேர் ரெக்கார்டும் வேறு பெயரில் உயிரோடு இருக்கின்றன.

இந்தக் குறைகளைச் சொன்னால், பழைய காலத்து ஆள் புலம்புகிறாள் என்பார்கள். புலம்பவில்லை. ஒரு மேப்பைப் பார்த்து அசந்து போனதும் உண்டு.

மெடிக்கல் வார்டு போஸ்டிங். பதினாலாம் நம்பர் பெட்டில் ஒரு பாட்டி, இதயச் செயலிழப்பு, கால் வீங்கி மறுபடி மறுபடி வந்து சேர்கிறவர். கேஸ் ஷீட்டில் ‘மருந்தை ஒழுங்காக எடுப்பதில்லை’ என்று ஒரு வரி. மற்றவர்கள் செல்போன் இதயத்தை வரைந்துகொண்டிருக்க, மூன்றாம் வருஷப் பெண் ஒருத்தி ஸ்டூலை இழுத்துப்போட்டுப் பாட்டியிடம் கதை கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் மேப்பின் நடுவில் ‘பெட் 14 பாட்டி’. ஒரு கிளையில் உப்பு, அதன் நுனியில் ‘கஞ்சிக்குக் கருவாடு’. இன்னொரு கிளையில் லேசிக்ஸ், அதிலிருந்து ‘பஸ்’ என்று ஒரு சொல். பாட்டி விடிகாலையில் பஸ் ஏறிச் சந்தைக்குப் போய்க் கீரை விற்கிறவர். மாத்திரை போட்டால் அடிக்கடி ஒண்ணுக்கு வரும். பஸ்ஸில் போக முடியாது, சந்தையில் போக இடமில்லை. அதனால் சந்தைக்குப் போகும் நாளில் மாத்திரை இல்லை. பஸ்ஸிலிருந்து ஒரு கோடு கால் வீக்கத்துக்கு, அங்கிருந்து மறுபடி பெட் 14க்கு.

பாடப்புத்தகத்தின் எந்தப் பக்கத்திலும் இல்லாத கோடு அது. மத்தியானம் வீட்டுக்குத் திரும்பிய பிறகு மாத்திரை போட்டுக்கொள்ளலாமா என்று ரவுண்ட்ஸ் வந்த டாக்டரிடம் கேட்கச் சொன்னேன். கேட்டாள். தாராளமாக என்றார், நேரத்தை மாற்றி எழுதினார். “இதை மொதல்லயே யாரும் கேக்கலியே கண்ணு” என்றார் பாட்டி.

அந்த மேப்புக்கு வகுப்பிலேயே குறைந்த மார்க். முழுக்க நீலப் பேனாவில் வரைந்திருந்தாள், கிளைகள் நேர்க்கோடாக இருந்தன, நடுவில் படம் இல்லை, ‘பஸ்’ மருத்துவச் சொல் இல்லை. “பாட்டி பேசப்பேச வரைஞ்சேன் மேடம். கலர் மாத்த நேரமில்ல” என்றாள் என்னிடம். மார்க் போட்டவரிடம் இதைச் சொன்னேனா என்றால், சொன்னேன். அட்டவணையில் அதற்குக் கட்டம் இல்லை என்றார். சிவப்புப் பேனா கை மாறியிருக்கிறது, அவ்வளவுதான்.

மாடிப்படி டியூட்டரைப் பற்றி விஞ்ஞானம் சொன்னதை இப்போது சொல்லிவிடுகிறேன். 2002இல் லண்டனில் 50 மருத்துவ மாணவர்களுக்கு 600 சொல் கட்டுரை ஒன்றைக் கொடுத்துப் பார்த்தார்கள். மைண்ட் மேப் முறையில் படித்தவர்களுக்கு ஒரு வாரம் கழித்து நினைவு ஓரளவு கூடுதலாகத்தான் இருந்தது. ஆனால் அந்த முறையில் படிக்க அவர்களுக்கு உற்சாகம் குறைவு. பலன் இருந்தது, பிரியம் இல்லை. நம் ஊர்ப் படிவங்களில் இதற்கு நேர்மாறாகப் பிரியம் பொங்கி வழிகிறது. 2011இல் அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி கார்ப்பிக்கியும் ஜேனல் பிளண்டும் இன்னொன்று செய்தார்கள். ஒரு குழு பாடத்தை எதிரே வைத்துக்கொண்டு கான்செப்ட் மேப் வரைந்தது. இன்னொரு குழு பாடத்தை மூடிவிட்டு, நினைவிலிருந்ததை எழுதியது. ஒரு வாரம் கழித்து வைத்த பரீட்சையில் மூடிவிட்டு எழுதியவர்களே ஜெயித்தார்கள், தகவலைக் கேட்கும் கேள்விகளில் மட்டுமல்ல, யோசித்துப் பதில் சொல்ல வேண்டிய கேள்விகளிலும். இதில் நான் ரசித்தது, எது நன்றாக மண்டையில் நிற்கும் என்று முதலில் கேட்டபோது, மாணவர்கள் தலைகீழாகக் கணித்திருந்தார்கள். எந்த முறை நல்லது என்று மாணவர்களின் கருத்தைக் கேட்டு முடிவுகட்டும் ஆய்வேடுகளுக்கு இதைவிட நல்ல பதில் எனக்குத் தெரியவில்லை.

அதற்காக மாடிப்படியில் மடக்கும் கலாசாரம் திரும்ப வர வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அதில் பயமும் கண்ணீரும் எவ்வளவு இருந்தன என்பது சுற்றுப் படிக்கட்டில் ஏறியவர்களுக்குத் தெரியும். பட்டியல் மட்டும் தெரிந்த நாங்கள் சுவர் மஞ்சளாகத் தெரிந்த தாத்தாவைக் காமாலைக்காரராக்கப் பார்த்தோம். வரைபடம் மட்டும் தெரிந்த இவர்கள் கீரைக்காரப் பாட்டியை விட்டுவிட்டுச் செல்போன் இதயத்துக்குச் சிவப்பு தீட்டுகிறார்கள். இரண்டையும் சேர்த்துப் பார்க்க அதிகச் செலவில்லை. செல்போனை மேசையில் வைத்துவிட்டு, புத்தகத்தை மூடிவிட்டு, கையிலிருக்கும் ஒரு பேனாவால், தான் பார்த்துக்கொள்ளும் ஒரு நோயாளியை வரையச் சொன்னால் போதும். பிறகு ஏதாவது ஒரு கோட்டில் விரலை வைத்து, “இது ஏன் இங்கே போகுது?” என்று கேட்டால் போதும். பார்த்து வரைந்தவள் அங்கே மாட்டிக்கொள்வாள். கேட்டு வரைந்தவள் பேசத் தொடங்குவாள். வகுப்பெடுக்கும் மேடம்களுக்கும் சார்களுக்கும் என் கோரிக்கை இவ்வளவுதான். வேண்டுமானால் நிறத்துக்கான மார்க்கை எடுத்து அந்த ‘ஏன்’ பக்கம் போடுங்கள்.

மாணவ மாணவிகளுக்கும் ஒன்று. அடுத்த ஆய்வேட்டுக்காகப் படிவம் உங்கள் கைக்கு வரும், சந்தேகமே இல்லை. வலது ஓரத்திலும் ஒரு கட்டம் இருக்கிறது, அதுவும் டிக் போடுவதற்குத்தான் அச்சிடப்பட்டிருக்கிறது. துணிந்து போடுங்கள். பெயர் எழுதும் இடத்தை மட்டும் வெற்றாக விட்டுவிடுங்கள்.